அறிவியல் புனைவு வீடியோ கேமைத் தொலைக்காட்சித் தொடராக எடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் தமிழ் நாடகமும் குறும்படமும் எடுப்பவர்கள், ஊடகத் துறை மாணவர்கள், கேம் ரசிகர்கள் ஆகியோரிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறோம். எடுத்துக்காட்டுகளில் பெரும்பாலானவை ‘ஹேலோ’ (2022), ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ (2023), ‘ஃபால்அவுட்’ (2024) ஆகிய மூன்று தொடர்களிலிருந்து வருபவை. பொருட்கள், வானிலை, அனுமதி பற்றிய விவரங்கள் நம் ஊருக்கு உரியவை.

கேமிலிருந்து எதை எடுத்துக்கொள்வது, எதை விடுவது?

கேம் ஆடும்போது கதவைத் திறப்பதும் சுடுவதும் தப்பி ஓடுவதும் ஆடுபவரின் கை. தொடர் பார்ப்பவருக்கு அந்த வேலை கிடையாது. அதனால் கேமில் நெஞ்சு படபடத்த 20 நிமிடச் சண்டையை அப்படியே படம்பிடித்தால் திரையில் சலித்துப்போகிறது. திரைக்குக் கொண்டுவர வேண்டியது அந்த உலகத்தின் விதிகள்: எது அரிது, எது ஆபத்து, யார் யாருக்குப் பயப்படுகிறார்கள், தவறு செய்தால் என்ன விலை.

எழுதத் தொடங்கும் முன் ஒருவர் கேமை முழுவதுமாக ஆடித் திரையைப் பதிவு செய்யட்டும். அதை ஆடியே இராத இன்னொருவர் பதிவைப் பார்த்து நான்கு பத்தியாகக் குறிப்பெடுக்கட்டும்: கதைக் காட்சிகள், ஆடுபவர் செய்யும் வேலைகள், வழியில் கிடைக்கும் கடிதங்களும் ஒலிப்பதிவுகளும், உலக விதிகள். இரண்டாவது பத்தியில் முக்கால்வாசி போய்விடும். மூன்றாவதில்தான் எபிசோடுகள் ஒளிந்திருக்கும். ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ முதல் பருவத்தின் மூன்றாவது எபிசோடை எண்ணிப் பாருங்கள். பில், ஃபிராங்க் என்ற இருவரின் உறவு கேமில் ஒரு கடிதத்திலும் சில குறிப்புகளிலும் மட்டுமே தெரியும். தொடரில் அதுவே கிட்டத்தட்ட ஒரு முழு எபிசோட்.

விதியை மாற்றினால் அதன் பின்விளைவு எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். அதே கேமில் மனிதரைத் தாக்கும் பூஞ்சை காற்றில் துகளாகப் பரவும், எல்லாரும் முகமூடி போடுவார்கள். தொடரின் முதல் பருவத்தில் துகளை எடுத்துவிட்டு, தரைக்கடியில் ஓடும் பூஞ்சை இழைகளை வைத்தார்கள். துகள் இருந்தால் நடிகர் முகம் எந்நேரமும் முகமூடிக்குள்தான், அதோடு ஓர் அறையில் இருக்கும் துகள் ஏன் தெரு முழுதும் பரவவில்லை என்றும் பார்ப்பவர் கேட்பார். மாற்றத்துக்குக் காரணம் இருந்தது, அதற்கு ஈடாக வேறொரு பயமும் கிடைத்தது. காரணமும் ஈடும் இல்லாத மாற்றத்தைத்தான் ரசிகர்கள் மன்னிப்பதில்லை.

கேமின் கதையையே எடுப்பதா, அதே உலகத்தில் புதுக் கதை சொல்வதா?

கேமின் அமைப்பே இதைத் தீர்மானித்துவிடும். கதை ஒரே தடத்தில் போகும் கேம் என்றால் அதைப் பின்தொடரலாம், ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ அப்படித்தான். ஆடுபவரின் தேர்வுக்கேற்ப முடிவு மாறும் கேம் என்றால் புதுப் பாத்திரங்களே நல்லது. ‘ஃபால்அவுட்’ தொடர் அதுவரை வந்த கேம்களுக்கெல்லாம் பிற்பட்ட 2296ஆம் ஆண்டில் தொடங்கியது. யாருடைய விளையாட்டையும் ‘அது பொய்’ என்று சொல்லவேண்டிய கட்டாயம் அவ்வளவாக எழவில்லை.

‘ஹேலோ’ மூன்றாவது வழியில் போனது: அதே நாயகன், ஆனால் கேமிலிருந்து விலகிய தனிக் காலக்கோடு. எங்கள் கணிப்பில் இதுதான் கடினமான வழி. பழைய ரசிகர் ஒவ்வொரு காட்சியையும் ஒப்பிட்டுப் பார்ப்பார், புதியவருக்கோ அந்தப் பெயரால் எந்தப் பலனும் இல்லை. இரண்டு பருவங்களோடு 2024இல் அது நிறுத்தப்பட்டது.

40 மணி நேரக் கேமை எத்தனை எபிசோடில் அடக்கலாம்?

50 நிமிடத்தில் 8 எபிசோட் என்றால் 400 நிமிடம், ஏழு மணி நேரம்கூட இல்லை. பயப்பட வேண்டாம். 40 மணியில் பெரும்பகுதி நடப்பது, தேடுவது, சுடுவது, செத்து மீண்டும் தொடங்குவது. கதை என்று எடுத்தால் சில மணி நேரம்தான் தேறும்.

‘ஒரு பக்கம் ஒரு நிமிடம்’ என்ற கணக்கை மட்டும் தமிழ்த் திரைக்கதையில் நம்பாதீர்கள். அது ஆங்கில எழுத்தளவுக்கும் அவர்களுடைய பக்க அமைப்புக்கும் ஏற்பட்ட கணக்கு. ஒவ்வொரு காட்சியையும் இருவர் வாய்விட்டுப் படித்து, கடிகாரம் வைத்து அளந்து, காட்சித் தலைப்பின் பக்கத்திலேயே நிமிடத்தை எழுதிவையுங்கள்.

உரிமையை யாரிடம் வாங்குவது?

கேமை உருவாக்கிய ஸ்டுடியோவும் வெளியிட்ட நிறுவனமும் வேறுவேறாக இருக்கலாம். உரிமை பெரும்பாலும் வெளியிட்டவரிடம் இருக்கும், ஆனால் ஊகிக்கக் கூடாது, யாரிடமிருந்து யாருக்குக் கைமாறியது என்று சங்கிலியாக ஆவணம் கேளுங்கள். முதலில் கையெழுத்தாவது விருப்ப ஒப்பந்தம். 12 அல்லது 18 மாதத்துக்கு அந்தக் கேமை வேறு யாருக்கும் கொடுக்காமல் உங்களுக்காக நிறுத்திவைக்க ஒரு சிறு தொகை. முழு விலையில் பத்திலொரு பங்கை ஒட்டி இருப்பது வழக்கம். ஒருமுறை நீட்டிக்கும் வாய்ப்பையும் அதிலேயே எழுதி வாங்கிவிடுங்கள். திரைக்கதைக்கும் முதலீட்டுக்கும் ஒன்றரை வருடம் போதாமல் போவது சர்வ சாதாரணம்.

கேமின் பெயரை வாங்கிவிட்டால் உள்ளே இருப்பதெல்லாம் சேர்ந்து வந்துவிடாது. பாத்திரத்துக்கு முகம் கொடுத்த நடிகரின் உருவம், குரல், பாட்டு, கேமுக்குள் தெரியும் வணிகச் சின்னங்கள் ஒவ்வொன்றையும் தனியாகப் பார்க்க வேண்டும். உரிமையாளர் திரைக்கதைக்கு ஒப்புதல் தரவேண்டும் என்றால், எத்தனை வேலை நாளுக்குள் பதில் வரவேண்டும் என்பதையும், பதில் வராவிட்டால் ஒப்புக்கொண்டதாகக் கொள்ளலாமா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். அந்த ஒரு வரி இல்லாமல் படப்பிடிப்புத் தேதி தள்ளிப்போகும்.

ரசிகர் படமாக எடுத்து யூடியூபில் போடலாமா?

பெரிய நிறுவனங்கள் சில, ரசிகர் படைப்புக்கான விதிகளை வெளியிட்டிருக்கின்றன. மைக்ரோசாஃப்டுக்கு அப்படி ஒன்று உண்டு, வணிக நோக்கம் இருக்கக் கூடாது என்பது அதன் அடிப்படை. நீங்கள் எடுக்கப்போகும் கேமின் விதியைப் படியுங்கள். அது கேமின் காட்சிப் பதிவுகளுக்கு மட்டுமா, நடிகர்களை வைத்து எடுப்பதற்கும் பொருந்துமா என்று பாருங்கள்.

சிங்கப்பூரில் 2021 நவம்பர் 21இல் நடப்புக்கு வந்த பதிப்புரிமைச் சட்டத்தில் நியாயமான பயன்பாட்டுக்கு இடம் உண்டு. ஆனால் பணம் வாங்கவில்லை என்பதாலேயே பயன்பாடு நியாயமானது ஆகிவிடாது. பாதுகாப்பான வழி ஒன்று இருக்கிறது. பதிப்புரிமை வெளிப்பாட்டைக் காக்கும், யோசனையைக் காக்காது. ‘விழித்தெழுந்த காலனியில் ஆக்ஸிஜன் ஆறு மணி நேரத்துக்குத்தான்’ என்பது யாருக்கும் சொந்தமில்லை. பெயர், உடை, சின்னம், வசனம் எல்லாம் உங்களுடையதாக இருந்தால் படமும் உங்களுடையது, விழாக்களுக்கும் அனுப்பலாம்.

நாயகன் தலைக்கவசத்தைக் கழற்றலாமா?

கேமில் முகமே காட்டாத மாஸ்டர் சீஃப், ‘ஹேலோ’ தொடரின் முதல் எபிசோடிலேயே கவசத்தைக் கழற்றினார். அது சரியா தவறா என்ற விவாதம் தொடர் முடிந்தும் ஓயவில்லை. தயாரிப்புத் தரப்பில் இதை முதல் வாரத்திலேயே தீர்மானித்தாக வேண்டும், ஏனென்றால் செலவும் நாட்களும் அதைப் பொறுத்தவை.

ஒரு பாத்திரத்துக்கு மூன்று கவசம் செய்யுங்கள்: அண்மைக் காட்சிக்கு நுணுக்கமானது, முகக்கண்ணாடி இல்லாதது ஒன்று, சண்டைக்காக மென்மையான ரப்பரில் ஒன்று. பளபளக்கும் முகக்கண்ணாடியில் கேமரா, விளக்கு, தேநீர்க் கோப்பையோடு நிற்கும் உதவியாளர் எல்லாம் தெரியும். குழுவே கறுப்பு உடுத்தி நிற்பது ஒரு வழி. கண்ணாடி இல்லாத கவசத்தில் எடுத்துவிட்டு கணினியில் கண்ணாடி பொருத்துவது இன்னொரு வழி, ஆனால் ஷாட்டுக்கு ஷாட் காசு.

உள்ளே மூச்சுக்காற்றுப் பட்டு கண்ணாடி மங்கும். 5 வோல்ட்டில் ஓடும் சிறு மின்விசிறி இரண்டு வைத்தால் சரியாகும், ஆனால் அதன் சத்தம் மைக்கில் ஏறும். எனவே டேக் தொடங்கும்போது அணைத்து, கட் சொன்னதும் போடும் சுவிட்சைக் கழுத்துக்குப் பின்னால் வையுங்கள். எப்படியும் வசனத்தில் பாதியை டப்பிங்கில்தான் பேசவைப்பீர்கள். அதில் ஒரு லாபம், வாய் தெரியாததால் படத்தொகுப்பின்போது வசனத்தையே மாற்றி எழுதிக்கொள்ளலாம். கதையில் விழுந்த ஓட்டையை அடைக்க இதைவிட மலிவான வழி கிடையாது.

கவச உடையை இங்கேயே செய்ய முடியுமா? நம் வெயிலுக்குத் தாங்குமா?

செய்யலாம். இவா ஃபோம் என்ற மெத்தென்ற ஷீட்டில் 10 மில்லிமீட்டர் மார்புக்கும் தோளுக்கும், 5 அல்லது 6 மில்லிமீட்டர் கை கால்களுக்கு, 2 மில்லிமீட்டர் மேல்வேலைப்பாட்டுக்கு. வெட்டிய பிறகு ஹீட் கன்னால் மேற்பரப்பை லேசாகச் சுட்டால் ஃபோமின் துளைகள் மூடிக்கொள்ளும். பிறகு ரப்பர் பூச்சு மூன்று நான்கு கை, அதன்மேல் வளையும் தன்மையுள்ள அக்ரிலிக் வண்ணம். சாதாரண ஸ்ப்ரே பெயின்ட்டை நேராக அடித்தால் முழங்கை மடியும் இடத்தில் முதல் நாளே விரிசல் விடும்.

நம் ஊரில் முதலில் கைவிடுவது பசை. காண்டாக்ட் சிமென்ட்டை இரு பக்கமும் தடவி 10, 15 நிமிடம் காயவிட்டுத்தான் ஒட்ட வேண்டும். ஈரப்பதம் மிகுந்த அறையில் அதன் கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து கண்ணுக்குத் தெரியாத ஈரம் படியும். ஒட்டியது போலத்தான் இருக்கும், நடிகர் கையைத் தூக்கினதும் பிளந்துகொள்ளும். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக் கீழ்த்தளத்திலோ நடைவழியிலோ உட்கார்ந்து ஒட்டாதீர்கள், குளிர்சாதன அறையில் ஒட்டுங்கள்.

அடுத்தது 3டி அச்சு. பிஎல்ஏ பிளாஸ்டிக் சுமார் 60 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்கும். வெயிலில் நிறுத்திய வேனுக்குள் துப்பாக்கி மாதிரியை வைத்துவிட்டு மதிய உணவுக்குப் போனால், திரும்பி வரும்போது குழல் வளைந்திருக்கும். பெட்ஜி என்ற பிளாஸ்டிக் சுமார் 80 டிகிரி வரை தாங்கும், ஏபிஎஸ் என்பது அதற்கும் மேல்.

உடைக்குள் இருக்கும் ஆள்தான் எல்லாவற்றையும்விட முக்கியம். 32 டிகிரி வெயிலில் முழுக் கவசத்தோடு 15 நிமிடத்துக்கு மேல் ஒரே மூச்சில் எடுக்க வேண்டாம். ஐஸ் பொதி வைக்கும் உள்சட்டை இரண்டு வாங்குங்கள், ஒன்று உடம்பில், ஒன்று குளிர்பெட்டியில். மார்புப் பகுதியை யார் உதவியும் இல்லாமல் நடிகரே 30 விநாடிக்குள் கழற்றும்படி பூட்டு வையுங்கள். இதைச் சோதித்துப் பார்க்காமல் வெளிப்புறப் படப்பிடிப்புக்குப் போகக் கூடாது.

வேற்றுக்கிரகவாசி, கதிர்வீச்சில் உருமாறியவர் போன்ற ஒப்பனைக்கு என்ன கவனிக்க வேண்டும்?

சிலிக்கோன் ஒப்பனைத் துண்டை ஒருமுறைதான் ஒட்டலாம். கழற்றும்போது அதன் மெல்லிய ஓரம் கரைந்து போய்விடும். 10 நாள் படப்பிடிப்பு என்றால் 10 செட், கூடுதலாக 2 அல்லது 3. பட்ஜெட் போடும்போது இதை மறப்பவர்கள் நிறையப் பேர்.

கடையில் ஆயத்தமாக விற்கும் துண்டுகள் பெரும்பாலும் வெளிர் தோலுக்கானவை. நம் நடிகர்களின் நிறத்துக்கு மேலே பூசி ஏமாற்ற முடியாது, சாம்பல் பூத்தது போல் தெரியும். வார்க்கும்போதே சிலிக்கோனுக்குள் நிறம் கலக்க வேண்டும். வெள்ளை நிறமியைத் தவிர்த்து, பழுப்போடு சிவப்பு இழைகளையும் சேர்த்தால் தோலுக்குரிய ஆழம் கிடைக்கும். வியர்வையில் ஓரங்கள் முதலில் மேல் உதட்டிலும் நெற்றியிலும் தூக்கிக்கொள்ளும், ஒப்பனைக்காரர் கேமராவுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும்.

இல்லாததைக் காட்ட ஒப்பனையால் ஆகாது. ‘ஃபால்அவுட்’ தொடரில் வால்டன் காகின்ஸ் நடித்த, கதிர்வீச்சில் உருமாறிய ‘கூல்’ என்ற மூக்கில்லாத பாத்திரத்துக்கு முகமெல்லாம் ஒப்பனைதான், ஆனால் மூக்கைக் கணினியில்தான் எடுத்தார்கள்.

பின்னணிக்கு எல்இடி சுவரா, பச்சைத் திரையா?

உலோகக் கவசமும் கண்ணாடியும் அதிகம் என்றால், பின்னணிக் காட்சியையே ஓட்டும் பெரிய திரையான எல்இடி சுவர். பச்சைத் திரைக்கு முன் பளபளக்கும் கவசத்தை நிறுத்தினால் பச்சை எல்லா வளைவிலும் பிரதிபலிக்கும், அதைத் துடைப்பது தனி வேலை. சுவரில் ஓடும் வானமும் நெருப்பும் கவசத்தில் இயல்பாகவே விழும். 2019இல் ‘தி மாண்டலோரியன்’ தொடர் இந்த முறையைப் பிரபலமாக்கியதில் அதன் நாயகனுடைய உலோக உடைக்கும் பங்கு உண்டு.

இந்தச் சுவரில் கேமரா தூரம்தான் முதல் சிக்கல். ஒளிப்புள்ளிகளுக்கு இடையே 2.6 மில்லிமீட்டர் இடைவெளி உள்ள சுவர் என்றால் நடிகர் குறைந்தது 3, 4 மீட்டர் முன்னால் நிற்கட்டும், ஃபோகஸ் அவர்மேல் இருக்கட்டும். ஃபோகஸ் சுவருக்குப் போன கணமே அலையலையான கோடுகள் தெரியும். கேமராவை வேகமாகத் திருப்பினால் பின்னணி சில ஃபிரேம் பிந்திவரும், அத்தகைய ஷாட்டுகளுக்குப் பச்சைத் திரையே போதும். சுவரின் வெளிச்சத்தை மட்டும் நம்பி முகத்தை எடுக்காதீர்கள். அது சிவப்பு, பச்சை, நீலம் மூன்றாலான ஒளி, பழுப்புத் தோல் அதில் செம்மை தட்டிக் காணும். முகத்துக்கு முழு நிறமாலை தரும் தனி விளக்கு வையுங்கள்.

கேமில் உள்ள 3டி காட்சிகளையே சுவரில் ஓட்டலாமே?

உரிமை கிடைத்தாலும் நேரே ஓடாது. கேமில் ஒரு ஃபிரேமை சுமார் 16 மில்லிவிநாடிக்குள் வரைந்தாக வேண்டும், அதற்காகத் தூரத்துச் சுவர்களும் பாறைகளும் சிக்கனமாகச் செய்யப்பட்டிருக்கும். அண்மைக் காட்சியில் அந்தச் சிக்கனம் பல்லிளிக்கும். வடிவம், அளவு, நிறத்துக்கு மாதிரியாக அதை வைத்துக்கொண்டு மேற்பரப்பையும் ஒளியையும் புதிதாகச் செய்ய வேண்டும். தரையில் முன்பக்க 2 மீட்டரை உண்மையான மண்ணும் கல்லும் போட்டு, சுவரில் தெரியும் தரையோடு நிறம் பொருத்துங்கள். கண் முதலில் அந்த விளிம்பைத்தான் பார்க்கும்.

சிங்கப்பூரில் எங்கே எடுக்கலாம்?

எதிர்கால நகரம் வேண்டும் என்றால் இங்கே செட்டே தேவையில்லை. ‘வெஸ்ட்வேர்ல்ட்’ தொடரின் மூன்றாம் பருவக் காட்சிகள் 2019இல் இங்கே படமாயின. பார்க்ராயல் ஹோட்டலும் லாசால் கலைக் கல்லூரியும் அதில் வந்தன. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜானதன் நோலன்தான் பிறகு ‘ஃபால்அவுட்’ தொடரின் முதல் மூன்று எபிசோடை இயக்கினார். கேமிலிருந்து பிறந்த ‘ஹிட்மேன்: ஏஜென்ட் 47’ (2015) படமும் இங்கே எடுக்கப்பட்டது.

பாழடைந்த உலகம்தான் கிடைக்காது, நம் ஊரில் எதையும் பாழாக விடுவதில்லை. ‘ஃபால்அவுட்’ குழு அதற்காக நமீபியாவின் கைவிடப்பட்ட கோல்மான்ஸ்கோப் ஊருக்கே போனது. சிறு குழுக்கள் உட்புறக் காட்சியாக மாற்றிக்கொள்ளுங்கள். இன்ஃபினிட் ஸ்டுடியோஸ் நிறுவனத்துக்கு இங்கேயும் இந்தோனேசியாவின் பாத்தாமிலும் ஸ்டுடியோக்கள் உண்டு, பெரிய வெளிப்புற செட்டுக்குப் பாத்தாமை விசாரிக்கலாம்.

அனுமதி கேட்க இடத்துக்கு இடம் வேறு கதவு. வீவக கீழ்த்தளத்துக்கு நகர மன்றம், பூங்காவுக்குத் தேசியப் பூங்காக் கழகம், ரயில் நிலையத்துக்கு அதை நடத்தும் நிறுவனம். ஜூரோங் தீவின் குழாய்களும் கோபுரங்களும் கண்ணைப் பறிக்கும், ஆனால் அது பாதுகாக்கப்பட்ட இடம், ஆசையை விட்டுவிடுங்கள்.

அந்தி வெளிச்சம் இங்கே ஏறத்தாழ 20 நிமிடம்தான். ஒரு நாளைக்கு ஓர் அந்தி ஷாட்டுக்கு மேல் திட்டமிட வேண்டாம். நடைவழி விளக்குகளின் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விநாடிக்கு 25 ஃபிரேமில் எடுத்தால் ஷட்டர் கோணம் 180 டிகிரி போதும், 24 ஃபிரேம் என்றால் 172.8 டிகிரிக்கு மாற்றுங்கள், இல்லாவிட்டால் விளக்கு துடிப்பது தெரியும்.

துப்பாக்கி மாதிரிகள், ட்ரோன்?

மாதிரித் துப்பாக்கியை இணையத்தில் வாங்கி வரவழைப்பதற்கு முன்பே காவல்துறை அனுமதியை விசாரியுங்கள். வந்த பிறகு கேட்பது தாமதம். அறிவியல் புனைவில் நமக்கு ஒரு வசதி, ஆயுதம் துப்பாக்கிபோல் இருக்கவேண்டிய அவசியமே இல்லை. குழலுக்குள் எல்இடி வைத்து நடிகர் முகத்தில் ஒளி விழச் செய்து, கதிரைக் கணினியில் போடுங்கள். பொது இடத்தில் எடுக்கும்போது ஆயுதங்கள் பையைவிட்டு வெளியே வருவது டேக்குக்கு மட்டும்.

வணிகப் படப்பிடிப்பில் ட்ரோன் பறக்க சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி வேண்டும். 250 கிராமுக்கு மேற்பட்டதைப் பதிவும் செய்ய வேண்டும்.

வயது வகைப்பாடு கதையைப் பாதிக்குமா?

பாதிக்கும். இலவசத் தொலைக்காட்சியில் பிஜி13 (13 வயதுக்குக் கீழ்ப்பட்டோருக்குப் பெற்றோர் வழிகாட்டல்) தான் உச்சம். எனவே வசந்தம் ஒளிவழிக்கு எழுதுவதும் கட்டண இணையத் தளத்துக்கு எழுதுவதும் ஒன்றல்ல. எம்18 (18 வயது நிரம்பியவர்களுக்கு மட்டும்) கேமின் ரத்தத்தை பிஜி13 ஆக்க, அடி விழுவதைக் காட்டாமல் அதைப் பார்ப்பவரின் முகத்தைக் காட்டும் திட்டம் ஸ்டோரிபோர்டிலேயே இருக்க வேண்டும், படத்தொகுப்பில் வெட்டிச் சரிசெய்ய முடியாது.

வகைப்பாடு காலத்தோடு மாறும் என்பதற்கு உள்ளூர் உதாரணமே உண்டு. 2007 நவம்பரில் ‘மாஸ் எஃபெக்ட்’ என்ற விண்வெளிக் கேம், ஒரு பெண்ணுக்கும் வேற்றுக்கிரகப் பெண்ணுக்கும் இடையிலான காட்சிக்காக இங்கே முதலில் தடை செய்யப்பட்டு, விரைவிலேயே எம்18 என்று அனுமதிக்கப்பட்டது.

கேமின் இசையைப் பயன்படுத்தலாமா?

தனியாக ஒப்பந்தம் போட்டால் பயன்படுத்தலாம். ‘ஹேலோ’ கேமின் மூல இசையமைப்பாளர்கள் உரிமத்தொகை தொடர்பாக 2020இல் மைக்ரோசாஃப்ட் மீது வழக்குத் தொடுத்தார்கள், 2022இல், தொடர் வெளிவந்த அதே ஆண்டில், அது சமரசமானது. கதை உரிமைப் பத்திரத்தில் கையெழுத்திடும் அன்றே இசைக்கும் பதில் கேளுங்கள்.

எவ்வளவு செலவு, எவ்வளவு காலம்?

பெரிய தொடர்களின் ஒரு எபிசோடுக்கு 1 கோடி அமெரிக்க டாலரை ஒட்டிய தொகைகள் செய்திகளில் வந்திருக்கின்றன. அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு இங்கே திட்டமிடுவதில் பொருளில்லை. காலம் மட்டும் எல்லாருக்கும் நீளம்தான். ‘ஹேலோ’ தொடர் 2013இல் அறிவிக்கப்பட்டு 2022இல் வந்தது.

நம் அளவில் 10 நிமிட முன்னோட்டப் படத்திலிருந்து தொடங்குங்கள். ஒரே செட், முழுக் கவசம் ஒன்று, குரல் மட்டும் வரும் இயந்திரப் பாத்திரம் ஒன்று, கணினி வேலை தேவைப்படும் ஷாட் 40க்கு மேல் இல்லை. 4 நாள் படப்பிடிப்பு, அதற்கு முன் ஒரு நாள் கவசம், விளக்கு, கேமரா மூன்றையும் சேர்த்துச் சோதனை. கணினி வேலை உள்ள ஒவ்வொரு ஷாட்டுக்கும் நடிகர் இல்லாத வெற்றுச் சட்டகம் ஒன்று, வெளிச்சத்தைக் கணினியில் ஒப்பிடச் சாம்பல் பந்தும் கண்ணாடிப் பந்தும் பிடித்த சட்டகம் ஒன்று, லென்ஸ் அளவு, கேமரா உயரம் ஆகியவற்றைப் பதிவு செய்யுங்கள். மழை வந்து அவசரமாகக் கிளம்பும் நாளில் விட்டுப்போவது இந்த வெற்றுச் சட்டகம்தான். எனவே அதை முதல் டேக்குக்கு முன்பே எடுத்துவிடுங்கள்.

முதல் தொகுப்பை யாருக்குப் போட்டுக் காட்டுவது?

கேமை ஆடியவர்கள் 5 பேர், பெயரே கேள்விப்படாதவர்கள் 5 பேர், தனித்தனி அறையில். பிடித்ததா என்று கேட்காதீர்கள், எல்லாரும் பிடித்தது என்பார்கள். ஆடாதவர்களிடம் ‘இந்த உலகத்தில் எது செய்தால் உயிர் போகும்?’ என்று எழுதச் சொல்லுங்கள். மூன்று பேருக்கு மேல் தவறாக எழுதினால் விதி திரையில் ஏறவில்லை, முதல் ஐந்து நிமிடத்தை மறுபடி தொகுக்க வேண்டும். ஆடியவர்களிடம் எங்கே கோபம் வந்தது என்று நிமிடக் கணக்கோடு கேளுங்கள். கோபம் மாற்றத்தின் மேலா, மாற்றத்துக்குக் காரணம் தெரியாததன் மேலா என்று பிரித்துப் பாருங்கள். இரண்டாவது வகை என்றால் ஒரு வரி வசனத்தில் சரியாகிவிடும், அந்தப் பாத்திரம் தலைக்கவசம் போட்டிருந்தால் மறுபடப்பிடிப்புகூட வேண்டாம்.